கட்டைவிரல் வலிக்கிறதென்று பௌலிங் பந்தின் துளையை மீண்டும் பெரிதாக்கலாமா?

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். தளத்தில் பந்தை உருட்டிக் கட்டைகளை வீழ்த்தும் பௌலிங் ஆட்டத்துக்காக, மூன்று மாதங்களுக்கு முன் 14 பவுண்டு எடையுள்ள பந்து ஒன்றைச் சொந்தமாக வாங்கி, ஃபிங்கர்டிப் பிடிக்கு, அதாவது நடுவிரலும் மோதிர விரலும் முதல் கணு வரை மட்டுமே நுழையும் பிடிக்கு, ஏற்பத் துளையிட்டுக்கொண்டீர்கள். இரண்டாவது ஆட்டம் முடிவதற்குள் கட்டைவிரலின் அடிப்பகுதி வலிக்கத் தொடங்குகிறது. கணுவின் நகப்பக்கத் தோல் சிவந்து தடித்துவிட்டது. பந்தை விடும் நேரத்தில் விரல் துளைக்குள் சிக்கிக்கொள்கிறது. சிக்குகிறதே என்று துளையை இரண்டு முறை பெரிதாக்கிப் பார்த்தும் வலி கூடியதே தவிரக் குறையவில்லை. மூன்றாவது முறையும் பெரிதாக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

பெரிதாக்க வேண்டாம். நீங்கள் சொல்லும் மூன்று அறிகுறிகளும் சேர்ந்து வரும்போது, பெரும்பாலும் துளை சிறிதாக இருப்பது அதற்குக் காரணமாக இருப்பதில்லை. துளைக்குள் விரல் மடங்கிப் பந்தை இறுக்கிக்கொண்டிருப்பதே காரணம். துளை பெரிதாகப் பெரிதாக விரல் இன்னும் அதிகமாக மடங்கும் என்பதால், மருந்தென்று நினைத்துச் செய்தது நோயை வளர்த்திருக்கிறது. நான் பல ஆண்டுகளாகப் பிறர் கைக்குப் பந்து அளந்து துளையிட்டு வருகிறேன். வலியோடு வருபவர்களில் எத்தனையோ பேர் இதே வழியில் நடந்துதான் வந்திருக்கிறார்கள் என்பதால், உங்களைக் குறை சொல்லும் எண்ணம் எனக்குச் சிறிதும் இல்லை.

துளைக்குள் என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். 14 பவுண்டு என்பது 6.35 கிலோ. அந்த எடை கீழ்நோக்கித் தொங்கும்போது, கட்டைவிரல் நேராக இருந்து துளையின் சுவரைச் சுற்றிலும் சீராகத் தொட்டுக்கொண்டிருந்தால், தோலுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள உராய்வே பந்தைத் தாங்கப் போதுமானது. துளை தளர்வாக இருந்தால் அந்தத் தொடுகை கிடைக்காது. பந்து நழுவிவிடும் என்று கை தானாகவே அஞ்சும். நாம் கட்டளையிடாமலேயே விரலின் கணு மடங்கும். மடங்கிய விரலின் நுனிச்சதை ஒரு சுவரிலும் கணுவின் நகப்பக்கம் எதிர்ச்சுவரிலும் ஊன்றிக்கொள்ள, விரல் துளைக்குள் ஆப்பு அடித்ததுபோல் ஆகிவிடுகிறது. பந்து தரையை நெருங்கும் நொடியில் விரல் வழுக்கிக்கொண்டு வெளியேற வேண்டியிருக்க, ஆப்பு பிடித்துக்கொள்கிறது. உங்கள் கணுவின் பின்னால் தெரியும் சிவந்த பட்டை அந்த எதிர்ச்சுவரின் தடம்தான். அடிப்பகுதியில் வலிப்பது, ஓர் ஆட்டத்துக்குப் பதினைந்து, இருபது முறை வீதம் அந்த இறுக்கத்தைத் தாங்கிக் களைத்துப்போன உள்ளங்கைத் தசைமேடாக இருக்கலாம்.

‘இருக்கலாம்’ என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அடிப்பகுதி வலி இரண்டு வகைப்படும். அடுத்த முறை ஆடி முடித்ததும் மற்றக் கையின் விரலால் அந்த இடத்தை அழுத்திப் பாருங்கள். சதைமேடு முழுவதும் கன்றிப்போனதுபோல் வலித்தால் அது தசையின் களைப்பு. இறுக்கிப் பிடித்ததன் விளைவு. மாறாக, விரல் கையோடு சேரும் இடத்தில் ஒரு கோடுபோலத் தோல் மட்டும் எரிந்தால், துளையின் வாயோரம் அங்கே அறுக்கிறது என்று பொருள். முன்னதற்குப் பிடியின் அளவுகளையே சரிசெய்ய வேண்டும். பின்னதற்குச் சில நேரங்களில் விளிம்பை மழுக்கினாலே போதும். இரண்டும் சேர்ந்திருப்பதும் அரிதன்று.

வலியின் இடத்தைக் கொண்டு காரணத்தை ஊகிக்கும் இந்த முறையைத் துளையிடுபவர்கள் ‘கையைப் படிப்பது’ என்பார்கள். பந்து கையில் ஏறுவதற்கு முன்பே கை பாதிக் கதையைச் சொல்லிவிடும். கணுவின் நகப்பக்கம் காய்த்திருந்தால் விரல் மடங்குகிறது. சதைப்பக்கத்தின் அடியில் தோல் உரிந்தாலோ, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சவ்வு இழுபட்டு வலித்தாலோ, துளைகளுக்கு இடையிலுள்ள தூரம் கைக்கு அதிகம் என்று ஐயப்பட வேண்டும். விரலின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து மறுபக்கம் தொடப்படாமலே இருந்தால், துளை பக்கவாட்டில் தவறாகச் சாய்ந்திருக்கிறது. நக நுனியில் வலித்தால் துளையின் ஆழம் போதாமல் விரல் அடியில் முட்டுகிறது. இன்னும் சற்று ஆழமாகத் துளையிட்டால் அது தீர்ந்துவிடும்.

இனி அளவுகளுக்கு வருவோம். இவற்றைச் சரிபார்ப்பதில் ஒரு வரிசை உண்டு. முதலில் ஸ்பேன், அடுத்து பிட்ச், அதன் பிறகே துளையின் பருமன், கடைசியில் விளிம்பு. பெரும்பாலான தவறுகள் இந்த வரிசையைத் தலைகீழாக்குவதால் நேர்கின்றன. எளிதாகச் செய்யக்கூடியது துளையைப் பெரிதாக்குவது என்பதால் எல்லோரும் அதில்தான் முதலில் கைவைக்கிறார்கள்.

ஸ்பேன் என்பது கட்டைவிரல் துளையின் உள்விளிம்புக்கும் மற்ற விரல்களுக்கான துளைகளின் உள்விளிம்புக்கும் இடையில், பந்தின் வளைந்த மேற்பரப்பின்மீது அளக்கப்படும் தூரம். நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இது தனித்தனியாக அளக்கப்பட வேண்டும். இரண்டு விரல்களும் ஒரே நீளமாக இருப்பதில்லை. இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். பந்தை மேசைமீது உருளாமல் வைத்து, கட்டைவிரலை அடிவரை முழுமையாக நுழைத்துக்கொண்டு, மற்ற இரு விரல்களைத் துளைக்குள் விடாமல் துளைகளின் மேலே தளர்வாகப் படரவிடுங்கள். ஃபிங்கர்டிப் பிடியில், நுனியிலிருந்து முதல் கணுவின் மடிப்புக்கோடு துளையின் உள்விளிம்பை ஒட்டி வர வேண்டும். வாடகைப் பந்துகளில் இருப்பதுபோன்ற வழக்கமான பிடியில் இரண்டாம் கணுவின் கோடு அந்த விளிம்பைத் தாண்டி ஏறத்தாழ கால் அங்குலம் போயிருக்க வேண்டும். கோட்டை விளிம்புக்குக் கொண்டுவர நீங்கள் கையை இழுத்து நீட்ட வேண்டியிருந்தால் ஸ்பேன் நீளம். உள்ளங்கை பந்திலிருந்து மேலே எழும்பிக் கூடாரம்போல் நின்றால் ஸ்பேன் குறைவு.

நீண்ட ஸ்பேன் தோலையும் சவ்வையும் வருத்தும் என்பது யாருக்கும் எளிதில் விளங்கும். குறைந்த ஸ்பேனின் தீங்கு அவ்வளவு வெளிப்படையாகத் தெரிவதில்லை. கை நீளாமல் குவிந்திருக்கும்போது கட்டைவிரல் நேராக நிற்க வழியின்றி மடங்குகிறது. அப்புறம் நாம் மேலே பார்த்த ஆப்புக் கதைதான். உங்கள் அறிகுறிகளைப் படித்தவுடன் எனக்கு முதலில் தோன்றிய ஐயமும் இதுவே. ஓர் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கு குறைந்தாலே கை அதை உணரும் என்பதால், ‘கிட்டத்தட்டச் சரியாகத்தான் இருக்கிறது’ என்று இதில் விட்டுவிடக் கூடாது.

பிட்ச் என்பது துளை பந்துக்குள் எந்தத் திசையில் சாய்ந்து இறங்குகிறது என்பதைக் குறிக்கும். துளை பந்தின் மையத்தை நோக்கி நேராக இறங்கினால் அது பூஜ்ஜிய பிட்ச். அதன் அடிப்பகுதி உள்ளங்கையை நோக்கிச் சாய்ந்திருந்தால் ஃபார்வர்டு பிட்ச். உள்ளங்கையிலிருந்து விலகிச் சாய்ந்திருந்தால் ரிவர்ஸ் பிட்ச். இடவலமாகச் சாய்ந்திருந்தால் லேட்டரல் பிட்ச். மையத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதை அங்குலத்தின் பின்னங்களில் சொல்வார்கள். பந்தின் ஆரம் ஏறத்தாழ நாலேகால் அங்குலம் என்பதால், கால் அங்குல பிட்ச் என்பது மூன்றரை டிகிரிக்குச் சற்றுக் குறைவான சாய்வு. கேட்கச் சிறியதாகத் தோன்றினாலும் துளைக்குள் இருக்கும் விரலுக்கு அது பெரிய மாற்றம். ஆகவே ஒரே தடவையில் எட்டில் ஒரு அங்குலத்துக்கு மேல் மாற்ற நான் துணிவதில்லை.

ரிவர்ஸ் பிட்ச் விரல் வெளியேற உதவும், ஃபார்வர்டு பிட்ச் பந்தைப் பிடித்துவைக்க உதவும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விதி. அது ஓர் எல்லை வரை உண்மை. அந்த எல்லையைத் தாண்டினால் பலன் தலைகீழாகிவிடும். ரிவர்ஸ் மிகுந்த துளையில் பந்து எந்த நொடியும் கழன்றுவிடும்போல் இருப்பதால் கை இறுக்கத் தொடங்குகிறது. இறுக்கிய விரல் மடங்குகிறது. மடங்கிய விரல் சிக்குகிறது. சிக்குகிறது என்று இன்னும் கொஞ்சம் ரிவர்ஸ் சேர்த்தால் இன்னும் அதிகமாகச் சிக்கும். எத்தனை ரிவர்ஸ் வேண்டும் என்பது ஸ்பேனைப் பொறுத்தும் கட்டைவிரல் எவ்வளவு பின்னால் வளையும் என்பதைப் பொறுத்தும் மாறும். ஸ்பேன் நீளும்போது கை பந்தை அதிகமாகச் சுற்றி வளைக்கிறது. அப்போது மையத்தை நோக்கிய துளைகூடக் கட்டைவிரலை உள்ளங்கைப் பக்கம் மடக்கிவிடும் என்பதால் கொஞ்சம் ரிவர்ஸ் தேவைப்படும். ஆகவே ஸ்பேனை மாற்றிவிட்டுப் பிட்ச்சைப் பழையபடியே விட்டுவைப்பது அரைகுறை வேலை.

லேட்டரல் பிட்ச்சுக்கு ஓர் எளிய சோதனை சொல்கிறேன். கட்டைவிரலில் டால்கம் பவுடரை மெல்லியதாகப் பூசிக்கொண்டு, பந்தை ஏந்தி இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் வீசிவிட்டு, தளத்தில் விடாமல் பந்தைக் கீழே வைத்து விரலை எடுங்கள். பவுடர் எங்கே அழிந்திருக்கிறது என்று வெளிச்சத்தில் பாருங்கள். சுற்றிலும் சீராக மங்கியிருந்தால் நல்லது. ஒரு பக்கம் தோல் பளிச்சென்று தெரிய மறுபக்கம் பவுடர் அப்படியே இருந்தால், எந்தச் சுவர் உங்களை நெருக்குகிறது என்று துளையிடுபவரிடம் விரலைக் காட்டியே சொல்லிவிடலாம். கணுவின் நகப்பக்கத்தில் ஒரு பட்டையும் நுனிச்சதையில் ஒரு வட்டமும் மட்டும் அழிந்திருந்தால், விரல் மடங்குகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

துளையின் பருமனைப் பற்றி நான் பிடிவாதமாக இருப்பேன். விரல் துளைக்குள் சுற்றிலும் தொட வேண்டும். நுழைக்கும்போது தோல் லேசாக உரச வேண்டும். எடுக்கும்போது உறிஞ்சாமல், இழுக்காமல் வர வேண்டும். உள்ளே வைத்தபடி விரலை இடவலமாகத் திருப்பினால் இழுவையோடு திரும்ப வேண்டும். துளையிடும் முனைகளின் அளவு அங்குலத்தின் அறுபத்து நான்கில் ஒரு பங்கு வித்தியாசத்தில், அதாவது சுமார் 0.4 மில்லிமீட்டர் படிகளாகக் கிடைக்கிறது. அந்த ஒரு படியைக்கூட விரல் கண்டுகொள்ளும். மேலும், யாருடைய கட்டைவிரலும் சரியான வட்டமாக இருப்பதில்லை. அகலம் ஒரு அளவு, கனம் ஓர் அளவு. வட்டத் துளையில் அகலத்துக்கு இடம் கொடுத்தால் நகப்பக்கம் வெற்றிடம் விழும். அந்த வெற்றிடத்தை நிரப்பத்தான் கணு மடங்குகிறது. இதற்காகவே நல்ல துளையிடுபவர்கள் துளையை நீள்வட்டமாக வெட்டுகிறார்கள். உங்கள் பந்தில் அப்படிச் செய்யப்பட்டிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

விரல் ஒரே நாளில் வீங்கவும் செய்யும், சுருங்கவும் செய்யும். சிலருக்கு ஆட ஆட விரல் பருக்கிறது, சிலருக்கு மெலிகிறது. சூட்டுக்கும் குளிருக்கும் ஏற்பவும் மாறும். ஆகவே துளையை உங்கள் விரல் மிகவும் பருத்திருக்கும் நேரத்துக்கு ஏற்றபடி வெட்டிக்கொண்டு, மற்ற நேரங்களில் பௌலிங் டேப்பால் நிரப்பிக்கொள்வதே முறை. மூன்று நான்கு துண்டுகளை அடுக்கி ஒட்டிவைத்து, விரல் பருக்கும்போது ஒன்றொன்றாக உரித்தெடுப்பார்கள். நகப்பக்கச் சுவரில் வழவழப்பான டேப்பை ஒட்டுவது நல்லது. அதனால் ஸ்பேன் மாறாது. சொரசொரப்பான டேப்பைச் சதைப்பக்கம் ஒட்டினால் பிடிப்பு கூடும். ஆனால் சதைப்பக்கத்தில் ஒட்டும் ஒவ்வொரு துண்டும் விரலை மற்ற விரல்களிடமிருந்து சிறிது தள்ளி வைப்பதால் ஸ்பேன் அந்த அளவுக்கு நீளும் என்பதை மறக்காதீர்கள்.

இரண்டு முறை பெரிதாக்கப்பட்ட உங்கள் பந்துக்கு இன்றைக்கே செய்யக்கூடிய பரிசோதனையும் இதுதான். நகப்பக்கச் சுவரில், மேல்விளிம்புக்குச் சற்று உள்ளே தள்ளி, ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். விரலை நுழைத்துப் பாருங்கள். இன்னும் தளர்வாக இருந்தால் இன்னொன்று. நான்கு ஐந்து துண்டுகள்கூடத் தேவைப்படலாம். பந்தை ஏந்திக் கையைத் தொங்கவிட்டு, ‘இப்போது இறுக்காமல் இருக்கிறேனா’ என்று கேட்டுக்கொண்டே மெதுவாக வீசுங்கள். இறுக்காமலேயே பந்து கையோடு இருக்கும் இடத்தை எட்டியதும் ஓர் ஆட்டம் ஆடிப் பாருங்கள். சிக்குகிற துளையை மேலும் இறுக்கமாக்குவது முரணாகத் தோன்றும் என்பது எனக்குத் தெரியும். ஒருமுறை, விரல் சிக்கிச் சிக்கிக் கணு கறுத்துப்போயிருந்த ஓர் இளைஞரின் பந்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு துண்டுகள் ஒட்டினேன். அவர் பயந்துகொண்டேதான் முதல் பந்தை விட்டார். துளையிலிருந்து விரல் கழலும்போது எழும் அந்தச் சின்ன ‘டப்’ ஒலி கேட்டதும், தளத்தில் பந்து எங்கே போகிறது என்றுகூடப் பார்க்காமல் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். கட்டைவிரல் முதலில் கழன்று, மற்ற இரு விரல்கள் ஒரு கணம் கழித்துப் பந்தைச் சுழற்றிவிட்டு வருவதே சரியான வரிசை. அது அவர் கையில் அன்றுதான் முதன்முறை நிகழ்ந்தது.

டேப்பால் வலி குறைந்தால் துளையின் பருமன்தான் முதன்மைக் காரணம். துண்டுகளை அப்படியே விட்டுவைக்காமல், அந்தத் துளையில் ஸ்லக் எனப்படும் உருளையைப் பதித்து, அதில் உங்கள் விரலுக்கேற்ற புதிய துளை வெட்டிக்கொள்ளலாம். டேப் ஒட்டியும் கணு மடங்கினால் ஸ்பேனோ பிட்ச்சோ தவறு. அதற்குத் துளையைப் பிசினால் முழுவதும் அடைத்து, அது நன்றாக இறுகிய பிறகு சரியான இடத்தில் புதிதாகத் துளையிட வேண்டும். பந்து வீணாகிவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். இது அன்றாடம் நடக்கும் வேலை.

விளிம்பை மழுக்குவதை, அதாவது பெவல் செய்வதை, கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய உப்புத்தாளை விரலில் சுற்றிக்கொண்டு, வலிக்கும் இடத்துக்கு நேரான விளிம்பை மட்டும் சிறிது தேய்த்து, விரலை நுழைத்துப் பார்த்து, மறுபடி தேய்க்க வேண்டும். தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. அளவுக்கு மீறி மழுக்கினால் விரலின் அடிப்பகுதிக்குத் தாங்கல் போய், மீண்டும் இறுக்கிப் பிடிக்கும் பழக்கத்துக்கே அது இட்டுச்செல்லும்.

எடையையும் சொல்லிவிடுகிறேன். பந்தின் உச்ச எடை 16 பவுண்டு, உங்களுடையது 14. சரியாகப் பொருந்தாத 14 பவுண்டுப் பந்து, சரியாகப் பொருந்திய 15 பவுண்டைவிடக் கனமாகத் தோன்றும் என்பதால், பிடியைச் சரிசெய்யும் முன் எடையைக் குறைக்க வேண்டாம். கட்டைவிரலே வேண்டாமென்று, ஆஸ்திரேலியாவின் ஜேசன் பெல்மான்டே ஆடுவதுபோல் இரு கைகளாலும் வீசும் முறைக்கு மாற நினைப்பவர்களும் உண்டு. அது நல்ல முறைதான். ஆனால் அது புதிதாகக் கற்க வேண்டிய ஆட்டம்; வலிக்குக் குறுக்குவழி அன்று. அமெரிக்காவில் இந்த ஆட்டத்தின் விதிகளை வகுக்கும் அமைப்பான அமெரிக்க பௌலிங் காங்கிரஸின் விதிப்படி, 2020 ஆகஸ்ட் 1 முதல் பிடிக்கப் பயன்படாத துளை பந்தில் இருக்கக் கூடாது. ஆகவே அப்படி மாறினால், அந்த விதி நடப்பிலுள்ள போட்டிகளுக்குக் கட்டைவிரல் துளையை அடைத்தாக வேண்டும்.

இவ்வளவு நேரம் சொன்னதெல்லாம் தோல், தசை, காய்ப்பு பற்றியது. ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். இதைத் தயவுசெய்து அலட்சியப்படுத்தாதீர்கள். கட்டைவிரலின் ஆள்காட்டி விரலை நோக்கிய பக்கத்தில் மரத்துப்போவதோ, ஊசி குத்துவதுபோன்ற உணர்வோ, தொட்டால் மின்னதிர்ச்சிபோல் ஓடும் சின்னக் கட்டியோ இருந்தால், அது காய்ப்பு அன்று. அந்தப் பக்கத்தில் ஓடும் நரம்பைத் துளையின் விளிம்பு திரும்பத் திரும்ப நசுக்குவதால், நரம்பைச் சுற்றி நார்த்திசு தடிக்கும் நிலை அது. மருத்துவத்தில் இதற்கு ‘பௌலர்ஸ் தம்ப்’ என்றே பெயர். ஆரம்பத்திலேயே ஆட்டத்தை நிறுத்தி, துளையை மாற்றி, விரலுக்குக் காப்புறை போட்டு ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் தணிந்துவிடும். பல மாதங்கள் விட்டுவைத்தால் அறுவை சிகிச்சை வரை போவதுண்டு. அதேபோல், வலி மணிக்கட்டின் கட்டைவிரல் பக்கத்தில் இருந்து, கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் மடக்கி மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்க்கும்போது சுரீரென்று ஏறினால், அது டி குவெர்வேன் எனப்படும் தசைநாண் உறை அழற்சியாக இருக்கலாம். இரண்டிலும் முதலில் பார்க்க வேண்டியவர் கை மருத்துவர். துளையிடுபவர் அவருக்குப் பிறகுதான்.

அப்படி எதுவும் இல்லையென்றால், மேலே சொன்ன டேப், பவுடர் சோதனைகளை முடித்துக்கொண்டு, சிவந்த தோல் ஆறும் வரை, ஒரு வாரமோ பத்து நாளோ, பந்தைத் தொடாதீர்கள். வீங்கிய விரலோடு அளவெடுக்கப் போனால் வீக்கத்துக்குத்தான் துளை கிடைக்கும். போகும்போது பந்தையும் கொண்டுபோங்கள். டேப் ஒட்டியதையும் பவுடர் அழிந்த இடங்களையும் சொல்லுங்கள். உங்கள் கையைத் தொட்டுப் பார்க்காமல், விரல் எவ்வளவு வளைகிறது என்று சோதிக்காமல், பழைய அளவுச் சீட்டைப் பார்த்தே துளையிட முன்வருபவரிடம் பந்தைக் கொடுக்காதீர்கள். புதிய துளையோடு முதல் நாள் ஓர் ஆட்டம் மட்டும் ஆடிவிட்டு, கணுவின் நகப்பக்கத்தைப் பாருங்கள். அங்கே சிவப்புப் பட்டை இல்லையென்றால் அடுத்த நாள் இரண்டு ஆட்டம் ஆடலாம். பட்டை மீண்டும் தெரிந்தால், அதன் இடத்தையும் அகலத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள். அதை வைத்து மேற்கொண்டு சொல்கிறேன்.